நகர நடுவில் மர அடுக்குமாடி: எத்தனை தளம் வரை போகலாம்?

வரைபலகை எழுதியது:

வணக்கம். நகர மையத்தில் நெருக்கடியான ஒரு மனைக்காக எங்கள் குழு 20 தளக் கட்டடம் ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறது. கீழ் 3 தளம் கடைகளும் உணவகங்களும். அதற்கு மேல் 6 தளம் அலுவலகம். மிச்சம் 11 தளமும் வீடுகள். கார்பனைக் குறைப்பதுதான் முதல் நோக்கம் என்பதால் தரைக்கு மேல் எல்லாமே மரம் என்று தீர்மானித்திருக்கிறோம். தூணும் உத்திரமும் குளூலாம், அதாவது பலகைகளை ஒரே திசையில் அடுக்கி ஒட்டிய கனமரம். தளம், சுவர், லிஃப்ட் கூண்டு எல்லாம் சிஎல்டி, அதாவது பலகைகளை ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கி ஒட்டிய பெரும்பலகை. தூண்களுக்கிடையே கீழிருந்து மேல் வரை ஒரே சீராக 9 மீட்டர் விட்டிருக்கிறோம்.

இந்தத் துறையில் வேலை செய்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். எங்கே இடிக்கும்?

இழைப்புளி எழுதியது:

நல்ல முயற்சி. கட்டமைப்புக் கணக்குப் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: “20 தளம்”, “எல்லாமே மரம்” இரண்டில் ஒன்றை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

குளூலாம், சிஎல்டி செய்யும் ஊசியிலை மரத்தின் அடர்த்தி கனமீட்டருக்கு 450 முதல் 500 கிலோ. கான்கிரீட் 2,400. அஸ்திவாரத்துக்கு இது பெரிய வரம்தான். காற்றுக்கு முன்னால் இதே இலேசுதான் தொல்லை. உயரம் கூடக் கூட, காற்று தள்ளும்போது ஆட்டத்தை அடக்க எடை தேவை. கட்டடம் விழுந்துவிடும் என்று சொல்லவில்லை. அது பலமாகவே நிற்கும். ஆனால் மேல் தளத்தில் படுத்திருப்பவருக்குத் தலை சுற்றும். அந்த ஆட்டம் மனித உடம்பு உணராத அளவுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் உயரமான மரக் கட்டடத்தில் பெரும்பாலும் கடைசி வார்த்தை.

நார்வேயில் ப்ரூமுண்டால் ஊரில் 2019இல் முடிந்த மியோஸ்டோர்னெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 18 தளம், 85.4 மீட்டர். அலுவலகம், ஹோட்டல், வீடு மூன்றும் ஒரே கட்டடத்துக்குள், உங்கள் திட்டம் மாதிரியே. லிஃப்ட் கூண்டுகூட அங்கே சிஎல்டிதான். ஆனால் மேலே உள்ள 7 தளங்களின் தரை கான்கிரீட். வேறு எதற்கும் இல்லை, எடைக்காகத்தான். மூலைத் தூண்களில் பெரியது 625 மில்லிமீட்டருக்கு 1,485 மில்லிமீட்டர். அது உங்கள் கடைவரிசையின் முகப்பில் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை வரைந்து பாருங்கள்.

அமெரிக்காவில் மில்வாக்கியில் 2022இல் முடிந்த அசென்ட் 25 தளம், 86.6 மீட்டர். கீழே 6 தளம் கான்கிரீட், லிஃப்ட் கூண்டும் கான்கிரீட், அவற்றின் மேல்தான் 19 தளம் மரம். வியன்னாவின் ஹோஹோ 24 தளம், 84 மீட்டர். அங்கேயும் நடுவில் கான்கிரீட் கூண்டு, அதைச் சுற்றித்தான் மரம்.

இவர்கள் எல்லாம் மரத்தை நன்றாகத் தெரிந்தவர்கள். தெரிந்ததால்தான் அதை அதற்குரிய இடத்தில் வைத்தார்கள். என்னைக் கேட்டால், கலப்புப் பயன்பாட்டுக்கு மரத்தின் இயல்பான உயரம் 8 முதல் 12 தளம். அதற்கு மேல் ஒவ்வொரு தளத்துக்கும் மரம் அல்லாத பொருள் கூடுதலாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். கார்பன்தான் முதல் நோக்கம் என்றால் உயரப் போட்டியில் இறங்காதீர்கள்.

சாரம் எழுதியது:

இழைப்புளி சார், காற்றைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் 12 தளத்தோடு நிறுத்து என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் கட்டுமானத் தளத்தில் நின்று கட்டுகிறவன். நகர மைய மனை சும்மா வராது. அடியில் மெட்ரோ சுரங்கம் ஓடும், இல்லாவிட்டால் பழைய கழிவுநீர்க் குழாய் போகும், அதுவும் இல்லையென்றால் பக்கத்துக் கட்டடத்தின் அஸ்திவாரம் வலுவில்லாமல் இருக்கும். எத்தனை தளம் ஏற்றலாம் என்பதை அங்கே எடைதான் முடிவு செய்யும். அந்த இடத்தில் உயரமாகப் போவதற்குக் காரணமே மரம்தான்.

லண்டனில் டால்ஸ்டன் வொர்க்ஸ் 2017இல் முடிந்தது. 10 தளம், 121 வீடுகள், கீழே கடைகள். மனைக்கு அடியில் ரயில் சுரங்கப் பாதை. சிஎல்டி என்பதால் கட்டடத்தின் எடை கான்கிரீட்டில் வந்திருக்கக்கூடியதில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது, அதனால்தான் அந்த உயரம் கிடைத்தது. மெல்போர்னில் சவுத்பேங்க் பகுதியில் ஏற்கெனவே இருந்த கட்டடத்தின் தலையிலேயே சிஎல்டியால் 10 தளம் ஏற்றி ஹோட்டலாக்கினார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதைவிட இது எவ்வளவு மேல் என்று சொல்லவே வேண்டாம்.

அப்புறம் வேகம். வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ப்ராக் காமன்ஸ் மாணவர் விடுதி 18 தளம். தரைத்தளமும் இரண்டு கூண்டுகளும் கான்கிரீட். மேலே உள்ள 17 தள மரச் சட்டகம் 70 நாளுக்குள் ஏறிவிட்டது. சென்ட்ரிங் கிடையாது, கான்கிரீட் இறுகட்டும் என்று காத்திருப்பது கிடையாது. லாரி வரும், கிரேன் தூக்கும், நாலு பேர் நின்று ஸ்க்ரூ போடுவார்கள். சாமான் இறக்கி வைக்க இடமே இல்லாத தெருவில் இது பெரிய விஷயம். சத்தமும் தூசியும் குறைவு, அக்கம்பக்கத்தில் வியாபாரம் கெடாது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். துளை, குழாய் வழி, மின்பெட்டிக்கான வெட்டு எல்லாம் தொழிற்சாலையிலேயே இயந்திரம் வெட்டிவிடும். ஆகவே குழாய், மின்சாரம், காற்றோட்ட வரைபடங்கள் பலகைக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். உங்கள் கீழ் 3 தளத்துக்கு யார் வாடகைக்கு வருவார்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதனாலேயே அந்த 3 தளத்தையும் கான்கிரீட்டில் விட்டுவிடுவது நல்லது என்பேன்.

நீலவானம் எழுதியது:

நான் பொறியாளர் இல்லை, இந்த மாதிரி வீடு கிடைத்தால் குடியேற ஆசைப்படுகிறவள். எல்லோரும் காற்று, எடை என்றே பேசுகிறீர்கள். தீ? 15ஆவது மாடியில் குழந்தையோடு இருக்கிறேன், 2ஆவது மாடி உணவகத்தில் தீப்பிடிக்கிறது. கட்டடமே விறகு. எனக்கு என்ன பதில்?

அரண் எழுதியது:

நீலவானம் அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. தீக்காப்பில் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெரிய குறுக்களவு உள்ள மரம் சுள்ளி மாதிரி எரியாது. மேற்பரப்பு கரியாகும், அந்தக் கரி உள்ளே வெப்பம் போவதைத் தடுக்கும். ஐரோப்பிய விதிநூல் யூரோகோட் 5 குளூலாமுக்கு நிமிடத்துக்கு 0.7 மில்லிமீட்டர் கரியும் என்று கணக்கு வைக்கச் சொல்கிறது. நாலு பக்கமும் தீ படும் 500 மில்லிமீட்டர் சதுரத் தூண் ஒன்றை வைத்துக்கொள்வோம். 90 நிமிடத்தில் ஒவ்வொரு பக்கமும் 63 மில்லிமீட்டர் கரியும். கரிக்கு உள்ளே சூடேறி வலுவிழந்த படலம் என்று இன்னும் 7 மில்லிமீட்டரைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது 360 மில்லிமீட்டர் சதுரம், பரப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அந்தப் பாதியே எடையைத் தாங்கும்படி முதலிலேயே தூணைப் பெரிதாக்கி வைப்பார்கள். காப்பில்லாத எஃகு 600 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால் ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும். அதனால் மரக் கட்டடத்தில் எனக்குக் கவலை தருவது தூண் அல்ல, தூணையும் உத்திரத்தையும் இணைக்கும் எஃகுத் தகடு. அது மரத்துக்கு உள்ளே புதைந்திருக்கிறதா, கரி ஆழத்தைத் தாண்டி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இன்னொன்று பசை. சிஎல்டியில் முதல் அடுக்கு கரிந்ததும் பசை இளகி அந்த அடுக்கு அப்படியே பெயர்ந்து விழுந்தால், புது மரம் திறந்துகொள்ளும், அடங்கப்போன தீ மறுபடி மூளும். சோதனைகளில் இதைப் பார்த்த பிறகுதான் வட அமெரிக்கத் தரநிலையான பிஆர்ஜி 320, 2018 பதிப்பில், தீயில் பெயராத பசைதான் வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஆர்டர் கொடுக்கும்போது இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மரம் எவ்வளவு வெளியே தெரியலாம் என்பதும் உயரத்தைப் பொறுத்தது. அமெரிக்க மாதிரி விதிநூல் ஐபிசி 2021இல் மூன்று வகை வைத்தார்கள். 9 தளம் வரை மரத்தைப் பெரும்பாலும் திறந்தே விடலாம். 12 தளம் வரை ஒரு பகுதியைத் திறந்து விடலாம், 2024 பதிப்பில் கூரைப்பக்கம் முழுவதையும் திறக்க அனுமதித்துவிட்டார்கள். 18 தளம் வரை போனால் எல்லா மரத்தையும் ஜிப்சம் போர்டு போன்றவற்றால் மூட வேண்டும். 20 தளம் என்றால் தனி அனுமதி, தனிச் சோதனை. அசென்ட் அந்த வழியாகத்தான் போனது. தூண்களைத் தனியாக எரித்துக் காட்டித்தான் ஒப்புதல் வாங்கினார்கள்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. 2017இல் கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 பேர் இறந்தார்கள். அது கான்கிரீட் கட்டடம், தீயை மேலே கொண்டுபோனது வெளிச்சுவரில் ஒட்டியிருந்த உறை. அதன்பின் 2018இல் 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள் எதுவும் கூடாது என்று தடை வந்தது. சிஎல்டி வெளிச்சுவரும் அதில் சிக்கிக்கொண்டது. அந்தத் தடை கடுமையானது என்று என் துறைக்காரர்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. வெளிச்சுவரைத் தூண்களுக்கு வெளியே தனியாகத் தொங்கவிட்டு எரியாத பொருளால் செய்துவிடலாமே.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2ஆவது மாடி உணவகத் தீ 2ஆவது மாடியிலேயே நிற்க வேண்டும். கீழ் 3 தளமும் அதற்கு மேல் உள்ள தரையும் கான்கிரீட், எல்லா இடத்திலும் ஸ்பிரிங்க்ளர், அதற்கு இரண்டு வழியில் தண்ணீர், படிக்கட்டுகள் இரண்டு, அவை ஒன்றுக்கொன்று தள்ளி. இவ்வளவும் இருந்தால் என் குடும்பத்தையும் 15ஆவது மாடியில் தயங்காமல் குடிவைப்பேன். இதில் ஒன்று குறைந்தாலும் மாட்டேன்.

கட்டி முடிந்த கட்டடத்தைவிடக் கட்டிக்கொண்டிருக்கும் மரக் கட்டடம்தான் ஆபத்து என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போர்டு இன்னும் போட்டிருக்க மாட்டார்கள், ஸ்பிரிங்க்ளரில் தண்ணீர் வந்திருக்காது, கதவுகள் இருக்காது. மரம் நாலு தளம் மேலே போனால், கீழே போர்டும் தண்ணீரும் பின்னாலேயே ஏறிவர வேண்டும்.

நீலவானம் எழுதியது:

இவ்வளவு பொறுமையாகச் சொன்னதற்கு நன்றி சார். ஆனால் 18 தளத்தில் எல்லாவற்றையும் போர்டால் மூடிவிட்டால் மர வீட்டில் இருக்கிறோம் என்ற நிறைவே இருக்காதே?

கனசதுரம் எழுதியது:

நான் கட்டடக்கலைஞர். நீலவானம் சொன்ன ஏக்கம் எனக்கும் உண்டு. அதனாலேயே நானும் குறைந்த உயரத்தின் பக்கம்தான். மூடியே ஆக வேண்டிய இடத்தில், வீட்டுக்கு ஒரு அறையிலாவது கூரைப்பக்க மரம் கண்ணில் படும்படி அரண் போன்றவர்களோடு உட்கார்ந்து பேசி வாங்கலாம்.

இப்போது வரைபலகையின் 9 மீட்டருக்கு வருவோம். கலப்புப் பயன்பாட்டில் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கடைக்கு அகலம் வேண்டும், தூண் கண்ணில் படக்கூடாது. அலுவலகத்துக்கு 7 மீட்டரிலிருந்து 9 மீட்டர் வரை இருந்தால் மேசைகளை இஷ்டப்படி மாற்றிப் போடலாம். வீட்டுக்கு அவ்வளவு தேவையே இல்லை, அறைக்கு அறை எப்படியும் சுவர் வரத்தானே செய்யும். சிஎல்டி தளம் உத்திரம் இல்லாமல் சிக்கனமாகத் தாண்டுவது 5, 6 மீட்டர்தான். ப்ராக் காமன்ஸில் தூண் கட்டம் 2.85 மீட்டருக்கு 4 மீட்டர். அவ்வளவு நெருக்கமாக வைத்ததால் உத்திரமே இல்லை, 169 மில்லிமீட்டர் பலகையைத் தூண்களின் மேல் நேராக வைத்துவிட்டார்கள். விடுதி அறைகளுக்கு அது அழகாகப் பொருந்தியது. நீங்கள் 11 தள வீடுகளுக்கும் 9 மீட்டர் வைத்தால் ஒவ்வொரு தளத்திலும் முக்கால் மீட்டர் ஆழத்துக்குக் குறையாத உத்திரம் குறுக்கே ஓடும். காற்றுக்குழாய் அதற்குக் கீழே போகும். கூரை தாழும், இல்லாவிட்டால் கட்டடம் உயரும். குளூலாம் உத்திரத்தில் குழாய்க்காகப் பெரிய ஓட்டை போடவும் முடியாது.

ஆகவே ஒரே கட்டம் என்ற ஆசையை விடுங்கள். வீடுகளுக்கு நெருக்கமான கட்டம், அலுவலகத்துக்கு அகலமான கட்டம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் எடையை மாற்றித் தரும் கனமான தளம் ஒன்று வேண்டும். அது கான்கிரீட்டாக இருக்கட்டும். மேல் பாரத்தை அது தாங்குவதோடு, அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே தீயையும் சத்தத்தையும் பிரித்துவிடும். ஸ்வீடனில் ஷெல்லெஃப்டியோ நகரத்தின் நடுவில் 2021இல் திறந்த சாரா குல்தூர்ஹூஸ் 20 தளம், சுமார் 75 மீட்டர். கீழே நாடக அரங்கு, நூலகம், அருங்காட்சியகம், கலைக்கூடம். மேலே ஹோட்டல். கீழே பெரிய கூடங்களுக்கு மரமும் எஃகும் சேர்ந்த சட்டகம், மேலே தொழிற்சாலையில் முழு அறையாகச் செய்து வந்த சிஎல்டி பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பயன்பாடு மாறினால் கட்டும் முறையும் மாற வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வெறும் 175 மில்லிமீட்டர் சிஎல்டி தளத்தின் காற்றொலித் தடுப்பு, எண் கூடினால் தடுப்பும் கூடும் எஸ்டிசி என்ற அளவில், 40ஐ ஒட்டித்தான் இருக்கும். இரண்டு வீடுகளுக்கு நடுவே வட அமெரிக்க விதிகள் 50 கேட்கின்றன. காலடிச் சத்தத்தில் நிலைமை இன்னும் மோசம். மேல் வீட்டில் ஒரு குழந்தை ஓடினால் கீழ் வீட்டில் மத்தளம். இதற்கு மருந்து எடையும் மெத்தையும்தான்: பலகைக்கு மேல் சரளையோ காரையோ, நடுவில் ரப்பர் படலம், அதற்கு மேல் மிதக்கும் தரை. சுவர் தரையில் உட்காரும் இடத்திலும் ரப்பர் பட்டை வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் சுவர் வழியே சுற்றிக்கொண்டு வரும். உடற்பயிற்சிக்கூடம் எதையாவது வீடுகளுக்கு மேலே வரைந்திருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள்.

அடித்தளம் எழுதியது:

கார்பன்தான் முதல் நோக்கம் என்று தொடங்கிய இழையில் யாரும் கார்பன் கணக்கைத் தொடவில்லையே.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். கனமீட்டருக்கு 450 கிலோ மரம் என்றால் அது காற்றிலிருந்து எடுத்து வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.8 டன். கேட்க நன்றாக இருக்கிறது. இதை வைத்து “எங்கள் கட்டடம் இத்தனை ஆயிரம் டன்னை விழுங்கியது” என்று பலகை வைக்கிறார்கள். அதைத்தான் நான் எதிர்க்கிறேன். அந்தக் கார்பன் கடனாக வந்தது. கட்டடத்தை இடித்து மரத்தை எரித்தால் அப்படியே காற்றுக்குப் போய்விடும், குப்பைமேட்டில் புதைத்தால் ஒரு பகுதி மீத்தேனாக வரும். முழு ஆயுள் கணக்குக்கான ஐரோப்பிய முறையில் தொடக்கத்தில் கழித்ததை முடிவில் கூட்டியே ஆக வேண்டும்.

நிச்சயமான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. உலகில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் 7, 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. மரம் எந்த அளவுக்குக் கான்கிரீட்டையும் எஃகையும் குறைத்தது என்பதுதான் கையில் நிற்கும் கணக்கு. எடை குறைந்ததால் அஸ்திவாரத்தில் மிச்சமான கான்கிரீட்டையும் அதில் சேர்க்கலாம். ஆகவே இழைப்புளி சொல்வதோடு ஒத்துப்போகிறேன். உயரத்துக்காக மரத்தைத் தடிமனாக்கி, எடைக்காக மேலே கான்கிரீட்டும் ஊற்றி, மூட்டுகளுக்கு டன் கணக்கில் எஃகும் போட்டால் லாபம் கரைந்துவிடும்.

காட்டையும் பாருங்கள். அறுக்கும் தடிமரத்தில் ஏறக்குறைய பாதிதான் பலகையாகிறது. மிச்சம் தூள், சிராய், எரிபொருள். எந்தக் காட்டிலிருந்து வந்தது, வெட்டிய இடத்தில் மறுபடி காடு வளர்கிறதா என்று தெரியாமல் வாங்கினால் மற்ற எல்லாக் கணக்கும் வீண். காட்டைப் பொறுப்போடு பராமரித்து வெட்டிய மரம் என்பதற்கான எஃப்எஸ்சி அல்லது பிஇஎஃப்சி சான்று என்பது இதில் குறைந்தபட்சத் தகுதிதான், அதோடு திருப்திப்படாதீர்கள்.

கனசதுரத்திடம் ஒரு வேண்டுகோள். சத்தத்துக்காகச் சிஎல்டி மேல் ஈரக் காரையை ஊற்றி ஒட்டவைத்துவிட்டால், 60 வருடம் கழித்து அந்தப் பலகையைப் பிரித்து வேறு கட்டடத்துக்கு எடுத்துப்போக முடியாது. உதிரிச் சரளையைக் கொட்டுங்கள், கழற்றக்கூடிய ஸ்க்ரூவால் மூட்டுங்கள். பலகை மறுபடி பலகையாகவே பயன்பட்டால்தான் அந்த 0.8 டன் பூட்டியே இருக்கும்.

கனசதுரம் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். வீடுகளுக்கு உதிரிச் சரளைதான் என் முதல் தேர்வும். சரளையின் எடையை வரைபடத்திலேயே எழுதிவிட வேண்டும், பிற்பாடு யாராவது மாற்றிவிடக்கூடாது.

சாரம் எழுதியது:

எல்லோரும் தீயைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். தளத்தில் நிற்கிறவனுக்குத் தண்ணீர்தான் பயம். காப்பீட்டுக்காரர்களும் மரக் கட்டடம் என்றதும் தீக்கு அடுத்தபடி கேட்பது தண்ணீரைப் பற்றித்தான்.

சிஎல்டி தொழிற்சாலையை விட்டு வரும்போது ஈரப்பதம் 12 சதவீதம் பக்கம். அது 20ஐத் தாண்டி அப்படியே கிடந்தால் பூஞ்சை கிளம்ப இடம் கொடுத்தாயிற்று. மழையில் நனைந்த தளத்தைப் பாருங்கள். பலகையின் மேல்முகம் அவ்வளவாகக் குடிப்பதில்லை, துடைத்தால் காய்ந்துவிடும். ஆனால் பலகையும் பலகையும் சேரும் இடுக்கில் நீர் நிற்கும். அங்கே வெட்டுமுகம் இருக்கிறது, நாரின் வாய் திறந்திருக்கிறது, அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே கைவைத்துப் பார்த்தால் உலர்ந்திருக்கும், ஈரமானியின் ஊசியை இடுக்கில் செருகினால் எண் எகிறும். அந்த நிலையில் மேலே ரப்பரும் சரளையும் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுப்போகும். அதனால் வெட்டுமுகம் எல்லாவற்றுக்கும் தொழிற்சாலையிலேயே பூச்சு, இடுக்குகளுக்கு அன்றன்றைக்கே ஒட்டுப்பட்டை, தேங்கிய தண்ணீரை உறிஞ்ச ஆள், மூடும் முன் ஈரப்பதத்தை எழுதிவைக்கும் ஏடு. இவை இல்லாத தளத்தில் நான் வேலை எடுக்கமாட்டேன்.

மழைக்காலம் போனபின் வருவது குளியலறை. 11 தள வீடுகள் என்றால் எத்தனை குளியலறை என்று எண்ணிப்பாருங்கள். ஷவர் தட்டுக்குக் கீழே ஒரு மூட்டு மெல்லக் கசிந்தால் கான்கிரீட்டில் கீழ்வீட்டுக் கூரையில் கறை தெரியும், சண்டை வரும், சரிசெய்வார்கள். சிஎல்டியும் சரளையும் போர்டும் அடுக்கடுக்காக இருக்கும்போது பல மாதம் வெளியே தெரியாமலே போகலாம். குளியலறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் வையுங்கள், குழாய்கள் எல்லாம் திறந்து பார்க்கக்கூடிய ஒரே ஷாஃப்டில் போகட்டும், தரைக்குக் கீழே கசிவு உணரிகள் போடுங்கள், தண்ணீர் தானாக நிற்கும் வால்வு வையுங்கள். வீட்டு விலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

தரக் கட்டுப்பாட்டுக்கும் ஒரு வார்த்தை. 2018இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் சிஎல்டி தளப்பலகையின் அடுக்குகள் பிரிந்து கீழ்த்தளத்தில் விழுந்தன. யாருக்கும் காயமில்லை. தொழிற்சாலையில் பலகைகளை அழுத்தும் முன்பே பசை இறுகிவிட்டதுதான் காரணம். தளத்துக்கு வந்த பலகையை வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே வாங்கும் முன் தொழிற்சாலைக்கே போய்ப் பாருங்கள்.

வரைபலகை எழுதியது:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. குழுவில் உட்கார்ந்து படித்தோம். இரண்டு கேள்வி மிச்சம். நிலநடுக்கம் வரக்கூடிய மண்டலத்தில் இந்த மாதிரிக் கலவை எப்படி? கறையான்?

இழைப்புளி எழுதியது:

கறையானுக்குப் பதில் சுருக்கமானது. மரம் மண்ணைத் தொடக்கூடாது. கீழ்த்தளங்கள் கான்கிரீட், குழாய் நுழையும் இடங்களில் எஃகு வலை, ஆபத்துள்ள இடங்களில் போரேட் என்ற பூச்சி தடுக்கும் உப்பை ஏற்றிய மரம், ஆண்டுதோறும் கண்ணால் பார்த்துச் சோதிக்க வழி. ஈரமில்லாமல் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நிலநடுக்கத்தில் மரத்துக்கு எடை குறைவு என்பதே பலம், தரை உலுக்கும் விசை எடைக்கு ஏற்பத்தான் வரும். 2023இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 10 தள மரக் கட்டடம் ஒன்றை முழு அளவில் கட்டி அதிர்வு மேடையில் ஆட்டிப் பார்த்தார்கள். 1994 நார்த்ரிட்ஜ், 1999 தைவான் நிலநடுக்கங்களின் பதிவுகளையும் கொடுத்தார்கள். அதில் சுவர்கள் அடியில் இறுகப் பிணைக்கப்படவில்லை. ஆட்டத்தில் சுவர் ஒரு பக்கமாக எழும்பி அசையும், உள்ளே இழுத்துக் கட்டிய எஃகுத் தண்டுகள் திரும்ப நேராக நிறுத்தும். பக்கத்தில் உள்ள வளைந்த எஃகுத் தகடுகள் வளைந்து நெளிந்து ஆற்றலைத் தின்னும். ஆட்டம் முடிந்தபின் சட்டகத்தில் குறிப்பிடத்தக்க சேதமில்லை. 10 தளத்துக்கு இது நல்ல நம்பிக்கை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கான்கிரீட் கூண்டும் மரத் தூணும் சேரும் கட்டடத்தில் இது கட்டாயம் கடிக்கும். மரம் உலரும்போது நாரின் குறுக்கே சுருங்கும். ஈரப்பதம் 1 சதவீதம் இறங்கினால் 0.25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். தூணுக்கும் தூணுக்கும் நடுவே 300 மில்லிமீட்டர் ஆழ உத்திரத்தைப் படுக்கவைத்தால், 12இலிருந்து 8 சதவீதத்துக்கு இறங்கும்போது ஒரு தளத்துக்கு 3 மில்லிமீட்டர் சுருக்கம். 16 தளத்தில் 48 மில்லிமீட்டர். பக்கத்தில் உள்ள கான்கிரீட் கூண்டு அப்படி இறங்காது, லிஃப்ட் வாசலில் தரை மட்டம் மாறிப் படி உண்டாகிவிடும். தூண்மேல் தூண் நேராக உட்கார வேண்டும், உத்திரம் பக்கத்தில் வந்து சேர வேண்டும். நார் ஓடும் திசையில் 3 மீட்டர் தூண் 1 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் குறுகும். அதையும் சில தளங்களுக்கு ஒருமுறை மெல்லிய எஃகுத் தகடு வைத்து ஈடுகட்டலாம்.

வரைபலகை எழுதியது:

திருத்திய திட்டம் இது, படத்தையும் இணைத்திருக்கிறேன். மொத்தம் 14 தளம். கீழ் 3 தளமும் இரண்டு லிஃப்ட் கூண்டுகளும் கான்கிரீட். அதற்கு மேல் அலுவலகம் 4 தளம், 7.5 மீட்டர் கட்டம், குளூலாம் உத்திரம், கூரைப்பக்கம் திறந்த மரம். அதன் மேல் எடை மாற்றும் கான்கிரீட் தளம். மேலே 7 தளம் வீடுகள், 4 மீட்டர் கட்டம், உத்திரமில்லாத சிஎல்டி, உதிரிச் சரளை. குளியலறைகள் எல்லாம் நேர்க்கோட்டில். வெளிச்சுவர் தனியாகத் தொங்கும், எரியாத பொருள். தளங்களைக் குறைத்ததால் இழந்த பரப்புக்கு ஈடாக, பக்கத்தில் இருக்கும் பழைய 5 தளக் கட்டடத்தை இடிக்காமல் அதன் மேல் 3 தளம் சிஎல்டி ஏற்றலாமா என்று அஸ்திவாரத்தைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறோம்.

சாரம் எழுதியது:

பழைய கட்டடத்தை இடிக்காமல் விட்டதற்கு என் முழு ஆதரவு. ஆனால் கூண்டு கான்கிரீட் ஆனபின் 14 ஏன்? 18 வரை தாராளமாகப் போகலாம், ப்ராக் காமன்ஸ் கண்முன்னால் நிற்கிறது. நகர மையத்தில் நாலு தளம் என்பது முப்பது குடும்பம் ஊருக்கு வெளியே போகாமல் வேலைக்கு நடந்து போவது. அந்தப் போக்குவரத்துக் கார்பனையும் அடித்தளம் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடித்தளம் எழுதியது:

நியாயமான கேள்வி, எடுக்கத்தான் வேண்டும். இரண்டு உயரத்துக்கும் முழு ஆயுள் கணக்கைத் தனித்தனியாகப் போட்டுத் திட்ட அறிக்கையிலேயே இணைத்துவிடுங்கள், வரைபலகை. எண்கள் 18க்குச் சாதகமாக வந்தால் நான் சாரத்தின் பக்கம் நிற்கிறேன்.

அரண் எழுதியது:

படத்தைப் பார்த்தேன். உணவகச் சமையலறைகளின் புகைக்குழாய் எந்த வழியாகக் கூரைக்குப் போகிறது? எண்ணெய்ப் படிவு பிடித்த குழாய் 11 தள மரத்தைக் கடந்து போகிறது, அதை வரைந்தே காட்டவில்லை.

வரைபலகை எழுதியது:

மேற்குக் கான்கிரீட் கூண்டுக்குள் லிஃப்டுக்குப் பின்னால் 1.2 மீட்டருக்கு 0.9 மீட்டர் தனி ஷாஃப்ட் விடுகிறோம். ஒவ்வொரு தளத்திலும் சுத்தம் செய்யத் தீத்தாங்கும் கதவு. மரத்தை எந்த இடத்திலும் தொடாது. நாளைக்குள் திருத்திய வெட்டுப்படத்தை இங்கே இணைக்கிறேன்.